வேங்கிக்கால் மரத்தடியில்

வேலூரிலிருந்து போளூர் மார்க்கமாகத் திருவண்ணாமலைக்கு வரும் யாத்திரிகர்கள், தூரத்தில் மலை தென்பட்டதுமே கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்களுடைய பார்வை வேறெதிலும் தங்குவதில்லை. நகரத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாக வேங்கிக்கால் என்று ஓர் ஊர் வருகிறது. அங்கே ஓர் ஏரியும் இருக்கிறது. பஸ்ஸில் இருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைக் கவனிப்பதே இல்லை. நாமும் இதற்கு முன் எத்தனையோ முறை அப்படிக் கவனியாமல் போனவர்கள்தாம்.

இம்முறை வேங்கிக்காலிலேயே இறங்கினோம். நண்பர் ஒருவரைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவர் வருவதற்கு நேரமாகும் என்று தகவல் வந்தது. ஆகவே ஏரிக்கரையில் சிறிது நின்றோம். மழை நன்றாகப் பெய்திருந்தபடியால் ஏரியில் தண்ணீர் இருந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. தென்மேற்கே அருணாசலம், சுமார் 2,670 அடி உயரத்துடன், அவசரமே இல்லாத ஒரு பெரியவரைப் போல உட்கார்ந்திருந்தது. கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது மலை நம்மை மிரட்டுகிறது. வேங்கிக்காலிலிருந்து பார்க்கும்போது அது நம்முடன் பேச வருகிறது என்று தோன்றியது.

திருவண்ணாமலை தனி ஜில்லாவானது 1989இல். அதற்கு முன் வடஆற்காடு ஜில்லாவாக இருந்தது. மனுக் கொடுப்பதென்றால் ஜனங்கள் வேலூருக்குப் போய்வர வேண்டும். இப்போது ஜில்லாக் கலெக்டர் காரியாலயம் இந்த வேங்கிக்காலில்தான் இருக்கிறது. அன்று திங்கட்கிழமை. மக்கள் குறை தீர்க்கும் நாள். செங்கத்துப் பக்கத்திலிருந்தும், தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்தும், ஜவ்வாது மலையிலிருந்தும் வந்தவர்கள் கையில் காகிதத்துடன் நின்றிருந்தார்கள். அண்ணாமலையாரிடம் முறையிடப் போகிற கூட்டம் ஒரு பக்கம். சர்க்காரிடம் முறையிட வந்த கூட்டம் ஒரு பக்கம். இரண்டு கூட்டத்தாரின் முகத்திலும் ஒரே மாதிரியான களை இருந்ததை நாம் கவனித்தோம்.

மனு எழுதுகிறவர்

காரியாலயத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுபது வயதைக் கடந்தவர். மடியில் அட்டை, அட்டைமேல் காகிதம், பக்கத்தில் துணிப்பை. அவர் எதிரே ஒரு கிழவி குந்தியிருந்தாள். கணவன் இறந்து நான்கு வருஷமாகிறதாம். நிலத்தின் பட்டா இன்னும் அவன் பெயரிலேயே இருக்கிறது. மாற்றிக் கொடுக்கும்படி அலைந்து அலைந்து அவளுடைய செருப்பு தேய்ந்துவிட்டது. இது மூன்றாவது மனு.

பெரியவர் எழுதி முடித்து, ஒரு முறை படித்துக் காட்டினார். நல்ல தமிழ். வீண் வார்த்தை ஒன்றும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கிழவி கைநாட்டு வைப்பதற்காக மைப்பெட்டியை எடுக்கப் பையைத் துழாவினார். அப்போது மெல்லிய நூல் ஒன்று வெளியே வந்து விழுந்தது. அட்டை கிழிந்து, நூலால் தைக்கப்பட்டிருந்தது. எடுத்துக் கொடுக்கும்போது தலைப்பைப் பார்த்தோம். ‘மனம் போல வாழ்வு.’ மொழிபெயர்த்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

“இது ஏது உங்களிடம்?” என்று கேட்டோம்.

“எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் தவறிப்போய் நான் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் வாத்தியார் கொடுத்தார், ஐயா. அன்றிலிருந்து பையிலேயே இருக்கிறது” என்றார்.

கிழவிக்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆவல். பெரியவர் சொன்னார்: “மனசு எப்படியோ வாழ்வும் அப்படி என்று எழுதியிருக்கிறது, ஆயா.”

கிழவி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, “மனசுதான் எல்லாம்னா எனக்கு மனு எதுக்கு தம்பி எழுதுற?” என்று கேட்டாள்.

பெரியவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டு விடத்தக்க கேள்வியன்று. அன்று முழுவதும் அது நம்மைத் தொடர்ந்து வந்தது. அந்தச் சிறு நூலை எழுதியவரையும், அதைத் தமிழில் தந்தவரையும் அதே கேள்வியைக் கொண்டே அளந்து பார்க்கலாம் என்று தோன்றிற்று.

கடலோரக் குன்றில் ஒருவர்

நூலை ஆங்கிலத்தில் எழுதியவர் ஜேம்ஸ் ஆலன். 1864இல் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் பிறந்தவர். தொழிலாளர் குடும்பம். பின்னல் தொழிலில் முடை ஏற்பட்டபோது, தகப்பனார் பிழைப்புத் தேடி 1879இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே கால் ஊன்றிக் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். நியூயார்க்கில் இறங்கிய இரண்டு நாளில் அவர் உயிரிழந்தார். யாரோ கொள்ளையடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனான்.

அந்தப் பையன் உலகத்தின் மேல் கோபம் கொள்ளாமல் இருந்தது ஆச்சரியம். பகலில் வேலை, இரவில் படிப்பு. ஷேக்ஸ்பியரைப் படித்தார், எமர்ஸனைப் படித்தார், புத்தர் பெருமானின் சரித்திரத்தை எட்வின் ஆர்னால்டு என்பவர் காவியமாகப் பாடிய ‘ஆசிய ஜோதி’யைப் படித்தார். டால்ஸ்டாயின் எளிய வாழ்க்கை அவருக்கு ஆதர்சமாயிற்று. கம்பெனிகளில் காரியதரிசியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1901இல் தம் முதல் நூலை வெளியிட்ட பிறகு வேலையை விட்டுவிட்டார். மனைவி லில்லியுடனும் பெண் குழந்தையுடனும் இல்ஃப்ரகோம் என்ற கடலோரச் சிற்றூரில் குடியேறினார்.

அங்கே அவருடைய தினசரி வாழ்வு நம் நாட்டுப் பெரியோர் ஒருவருடைய வாழ்வைப் போலவே இருந்தது. விடியுமுன் எழுந்து, கடலைப் பார்த்த கேர்ன் என்னும் கல்குன்றின்மேல் ஏறி, ஒரு மணி நேரம் மௌனமாகத் தியானம் செய்வார். இறங்கிவந்து காலையில் எழுதுவார். பிற்பகலில் தோட்ட வேலை. மாலையில் தேடி வருகிறவர்களுடன் சம்பாஷணை. வருஷத்துக்கு ஒரு நூலுக்கு மேல் என்ற கணக்கில் எழுதினார்.

‘மனம் போல வாழ்வு’ என்று தமிழில் வந்த நூல் 1903இல் வெளியாயிற்று. ஏழே அத்தியாயங்கள், ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். எழுதியவருக்கே அதில் திருப்தி இல்லையாம். மனைவி வற்புறுத்தியதால்தான் அச்சுக்குக் கொடுத்தார். அந்த நூல்தான் இன்றளவும் உலகமெங்கும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. மனம் ஒரு தோட்டம். பயிரிட்டாலும் முளைக்கும், பயிரிடாவிட்டாலும் களையாவது முளைக்கும் என்பது அதன் சாரம். நம்முடைய எண்ணமே நம் குணமாகி, குணமே நம் நிலைமையாகிறது என்று அவர் வாதிக்கிறார். டேல் கார்னெகி போன்று பின்னால் வந்தவர்கள் பலர் இவருக்குக் கடன்பட்டவர்கள்.

1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் ‘சுய உதவி’ என்னும் பொருளில் நூல் எழுதிய காலம் முதல், முன்னேற்றத்துக்கு வழி சொல்லும் நூல்கள் அந்த நாட்டில் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றில் பல, உழைத்தால் பணம் வரும் என்று சொல்வதோடு நின்றவை. ஆலன் அப்படி நிற்கவில்லை. நல்லெண்ணத்துக்குக் கூலி மன அமைதி என்றார். நூலின் கடைசி அத்தியாயமே சாந்தியைப் பற்றியது. அதனால்தான் தமிழருக்கு அது அந்நியமாகப் படவில்லை போலும். ‘மனம் போல மாங்கல்யம்’ என்று பாட்டிமார் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் அல்லவா நாம்?

செக்கடியில் ஒருவர்

அந்த நூல் தமிழுக்கு வந்த விதம் அதைவிடப் பெரிய கதை.

தூத்துக்குடியில் வக்கீலாக இருந்த ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய், நாற்பதினாயிரம் பங்குகள், மூலதனம் பத்து லட்சம். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை ஏகபோகம் செலுத்திவந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே எதிர்க் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், மேற்கொண்டு ஒரு குடையும் கொடுப்பதாகவும் அறிவித்தது! காசு கொடுத்து நம் கப்பலில் ஏறிய எளிய ஜனங்கள் அப்போதும் இருந்தார்கள் என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

குடையால் முடியாததைச் சிறை செய்தது. 1908 மார்ச்சு 12ஆம் தேதி பிள்ளையவர்கள் கைதானார். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை, ஒன்று முடிந்த பின் மற்றொன்றாக, விதித்தார். மொத்தம் நாற்பது வருஷம். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. கோயமுத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். மாடு இழுக்கிற செக்கு. கப்பல் ஓட்டிய கை செக்கு இழுத்தது என்று நாம் எல்லோரும் பேசுவதுண்டு. ஆனால் அதே கை அந்தச் சிறைவாசத்தின்போது எழுதியது என்ன என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு.

ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார். ‘மனம் போல வாழ்வு’ 1909இல் வெளியாயிற்று என்று அதன் வரலாறு சொல்லப்படுகிறது. பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டபோது, உடனிருந்த கைதிகளுக்கு நல்லறம் போதிக்கும் பொருட்டு ‘மெய்யறம்’ இயற்றினார். விடுதலைக்குப் பிறகு ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’ ஆகிய ஆலன் நூல்களையும் வெளியிட்டார். கடைசியாக 1934இல் ‘சாந்திக்கு மார்க்கம்’ வந்தது.

ஆலன் 1912 ஜனவரியில், நாற்பத்தேழு வயதில், காலமானார். பிள்ளையவர்கள் அதே வருஷம் டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தார். இருவரும் சந்திக்கவில்லை. ஆயினும் தகப்பனை இழந்த லெஸ்டர் பையனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர், அவனுடைய நாட்டு அரசாங்கத்தாலேயே செக்கில் கட்டப்பட்டவர் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. தம்மைத் தண்டித்தவர்களின் பாஷையிலிருந்து நல்லது ஒன்றைப் பொறுக்கியெடுத்துத் தம் ஜனங்களுக்குக் கொடுக்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

கிழவியின் கேள்வி

இப்போது அந்தக் கிழவியின் கேள்விக்கு வருவோம்.

மனம் போலவே வாழ்வு என்றால், பிள்ளையவர்கள் செக்கு இழுத்தது எந்த மனத்தின் பலன்? கம்பெனி 1911இல் மூடப்பட்டது யாருடைய எண்ணத்தின் குறைவு? அவர் மனத்தில் களை இருந்ததா? விடுதலைக்குப் பிறகு வக்கீல் சன்னது இல்லாமல், சென்னையில் கடை வைத்தும் நஷ்டப்பட்டுக் குடும்பத்துடன் அவர் கஷ்டப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்த ரூபாய் முந்நூற்றுச் சொச்சத்துக்காகப் பல கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. அந்தத் தொகை 1916இல்தான் கைக்கு வந்தது. இதெல்லாம் எண்ணத்தின் கோளாறு என்று ஒருவர் சொன்னால், நாம் அவரோடு பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

இதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆலனின் நூலில் அபாயமான இடம் ஒன்று உண்டு. ஒருவனுடைய சூழ்நிலை அவன் மனத்தின் கண்ணாடி என்னும் பேச்சைக் கொஞ்சம் நீட்டினால், ஏழையைப் பார்த்து ‘உன் ஏழ்மைக்கு நீயே காரணம்’ என்று வசதியுள்ளவன் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இந்த மாதிரி நூல்களைப் படித்துவிட்டு அப்படிச் சொல்லுகிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். பட்டா மாறாததற்குக் கிழவியின் மனமா காரணம்?

ஆனால் பிள்ளையவர்கள் அப்படிப் படிக்கவில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி. செக்கடியில் இருந்துகொண்டு மனத்தைப் பண்படுத்தும் நூலைத் தமிழாக்கியவர், தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்வதை நிறுத்தவில்லை. ‘என் மனம் சரியாக இருந்தால் போதும், நாற்பது வருஷமும் இங்கேயே கிடப்பேன்’ என்று அவர் சொல்லவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது. இழந்த சன்னதுக்காகவும் பின்னால் முயன்று, நீதிபதி வாலஸ் உதவியால் திரும்பப் பெற்றார். நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார்.

ஆக, அவர் ஒரு கையால் மனத்தைத் திருத்தினார். மறு கையால் மனு எழுதினார். ஒன்று மற்றொன்றுக்குப் பகையென்று அவருக்குத் தோன்றவில்லை. மனத்தைத் திருத்திக்கொண்டவன்தான் கெஞ்சாமல் மனு எழுத முடியும். மரத்தடிப் பெரியவர் எழுதிய மனுவில் நாம் கண்ட நிமிர்வு அதுதானே?

மலைமேல் ஒருவர்

நண்பர் வந்து சேர்ந்ததும் நகரத்துக்குள் போனோம். பதினொரு நிலை ராஜகோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, மாலையில் மலைப்பாதையில் விரூபாக்ஷ குகை வரையில் ஏறினோம். 1899 முதல் 1916 வரை ஸ்ரீ ரமண மகரிஷி வாசம் செய்த இடம் அது. 1902இல் தென்னாற்காடு ஜில்லா ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் மலைக்கு வந்து, இளந்துறவியிடம் கேள்விகள் கேட்டார். மௌனத்தில் இருந்த மகரிஷி எழுத்து மூலமாக விடையளித்தார். அவைதாம் பிற்காலத்தில் ‘நான் யார்?’ என்ற நூலாயின. கலெக்டர் காரியாலயத்துக் காகிதங்களுக்கு நடுவே வாழ்ந்த ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கொண்டுபோனார் என்பது வேங்கிக்காலிலிருந்து வந்த நமக்கு இனித்தது.

குகை வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1909ஆம் வருஷத்தில் இந்தக் குகையில் ஒருவர் மௌனமாக இருந்தார். கோயமுத்தூர்ச் சிறையில் ஒருவர் வாடினார். கடல் கடந்த கல்குன்றின் மேல் ஒருவர் ஒவ்வொரு விடியற்காலையிலும் ஏறினார். மூவருக்கும் முன்னால் இருந்த பொருள் ஒன்றே: மனிதனுடைய மனம். ஒருவர் அதைத் தோட்டமாகக் கண்டு பயிரிடச் சொன்னார். ஒருவர் அதற்கும் அப்பால் போய், தோட்டக்காரன் யார் என்று விசாரிக்கச் சொன்னார். ஒருவர் கையில் விலங்குடன், பயிரிட்டதைப் பிறருக்குப் பங்கு போட்டார். நம் ஏட்டின் வாசகர்கள் எவரைப் பின்பற்றினாலும் நன்மையே. ஆனால் குடும்பமும், கடனும், குழந்தைகளும் உள்ள நம்போன்றவர்களுக்கு மூன்றாமவரே அதிகம் பக்கத்தில் இருக்கிறார்.

அவர் விதைத்தது வீண்போகவில்லை. பிற்காலத்தில் அப்துற் றஹீம் ‘வாழ்க்கையில் வெற்றி’ போன்ற நூல்களால் தமிழ் இளைஞர்களைத் தட்டியெழுப்பினார். டாக்டர் எம்.எஸ். உதயமூர்த்தி ‘எண்ணங்கள்’ எழுதினார். எழுதியதோடு நில்லாமல் 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தையும் தொடங்கினார். இன்று புத்தகக் கடைகளில் சுயமுன்னேற்ற நூல்களுக்கென்றே தனி வரிசை இருக்கிறது. பணம், பதவி, வெற்றி என்று அட்டைகள் பளபளக்கின்றன. அந்த வரிசையின் முன்னோடிகளில் ஒருவர் பணமும் பதவியும் இழந்த ஒரு கைதி என்பதை வாங்குகிறவர்கள் அறிந்தால் நல்லது. பிள்ளையவர்கள் 1936 நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடிக் காங்கிரஸ் காரியாலயத்தில் கண் மூடினார். உலகம் வெற்றி என்று எண்ணுவது எதுவும் அப்போது அவர் கையில் இல்லை. அவருடைய நூல்கள் கூறும் சாந்தி அவரிடம் இருந்ததா என்பதை, அத்தனைக்கும் பிறகு 1934இல் அந்தப் பெயரிலேயே ஒரு நூலை அவர் வெளியிட்டதைக் கொண்டு நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மறுபடியும் மரத்தடி

மறுநாள் காலை வேலூர் பஸ்ஸுக்காக வேங்கிக்காலில் காத்திருந்தபோது மரத்தடிப் பெரியவரைக் கண்டோம். கிழவியின் மனு என்னவாயிற்று என்று விசாரித்தோம். “வாங்கிக்கொண்டு நம்பர் போட்ட ரசீது கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் பார்ப்போம். நடக்காவிட்டால் நாலாவது மனு எழுதுவேன்” என்றார். எழுதுகூலி எவ்வளவு என்று கேட்டோம். “ஆயாவிடம் கூலி வாங்குவதில்லை. மூன்றாவது மனுவிலிருந்து யாரிடமும் வாங்குவதில்லை என்று ஒரு நியமம்” என்றார்.

கிழவியின் கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று அறிய ஆசைப்பட்டோம்.

“மனசு விட்டுப்போனவங்க மூணாவது தடவை இங்கே வர மாட்டாங்க ஆயா, நீ வந்திருக்கியே என்று சொன்னேன். அப்படியானால் புத்தகத்தில் எழுதியிருப்பது சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்” என்றார் பெரியவர்.

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. ஏரியும், அதற்கப்பால் மலையும் வெகு தூரம் வரையில் தெரிந்துகொண்டே வந்தன. எதிரே வந்த பஸ்களில் யாத்திரிகர்கள் மலையை நோக்கிக் கைகூப்பியபடி போனார்கள். அவர்களில் யாராவது ஒருவர் திங்கட்கிழமையன்று வேங்கிக்காலில் இறங்கி, அந்த மரத்தடியில் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுச் சந்நிதிக்குப் போனால், அவருடைய யாத்திரை இன்னும் சற்றுப் பூர்த்தியாகும் என்பது நமது எண்ணம்.